ஆகஸ்ட் கடைசியில் 2 இரவு: வேளாங்கண்ணியா, கொடியம்பாளையமா?

குடந்தையான்:
வணக்கம். கும்பகோணத்திலிருந்து காரில் 6 பேர் கிளம்புகிறோம். அம்மாவுக்கு 71 வயது, மூட்டு வலி, கோலூன்றித்தான் நடப்பார். பிள்ளைகளுக்கு 9, 6. ஆகஸ்ட் 28 மாலை புறப்பட்டு 30 இரவு வீடு திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்குக் கடல், அம்மாவுக்குக் காற்றோட்டமாக உட்கார ஓர் இடம், எல்லோருக்கும் நல்ல மீன். வேளாங்கண்ணியில் எல்லா வசதியும் உண்டு, ஆனால் நெரிசல். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் கொடியம்பாளையம் என்ற தீவுக் கிராமம் அமைதியானது என்கிறார்கள். எதற்குப் போகலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:
இடத்தைப் பிறகு பார்ப்போம் சார், முதலில் தேதியைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் நாள் இரண்டு ஊருக்குமே ஒத்துவராது.

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அன்றிலிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா. காவி உடுத்தி நடந்து வருபவர்கள் ஒரு வாரம் முன்பே தஞ்சாவூர் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நிறைந்துவிடுவார்கள். இரவிலும் நடப்பார்கள், அதனால் அந்தச் சாலைகளில் இருட்டில் வேகமாக ஓட்டவே கூடாது. அறை கிடைத்தாலும் வழக்கமான வாடகைக்குக் கிடைக்காது. காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்கச் சொல்வார்கள். அம்மாவால் அது முடியாது.

கொடியம்பாளையத்துக்கு அதே நாளில் வேறு சிக்கல். மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத்தான் திரும்பும், சில நாளில் முகத்துவாரத்துக்கு வந்துவிடும். ஆடி, ஆவணி இரண்டும் அதற்கான மாதங்கள். 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தை ஒட்டிய நாதல்படுகை, முதலைமேடுதிட்டு கிராம மக்களையே முகாமுக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. வெள்ளம் கரைக்குள் அடங்கி ஓடினாலும் கழிமுகத்தில் இழுப்பு கூடிவிடும், வெங்காயத்தாமரை மிதந்து வந்து படகு இஞ்சின் காத்தாடியில் சிக்கும். மேட்டூரில் உபரி திறந்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தேதியை மாற்றவே முடியாது என்றால் தரங்கம்பாடிக்குப் போங்கள். ஊர் நுழைவாயிலிலிருந்து 1620இல் கட்டிய டேனிஷ் கோட்டை வரை சமதளம், தூரமும் கொஞ்சம்தான். கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால் கடல்காற்று அள்ளிக்கொண்டு வரும். கரையில் கல் கிடப்பதால் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். தங்கும் இடங்கள் குறைவு. நடைப்பயணக் கூட்டம் அந்த வழியிலும் போகும் என்பதால் இப்போதே அறையை உறுதி செய்யுங்கள்.

நாகை வலைக்காரர்:
மேலே சொன்னது சரி. வேளாங்கண்ணியை ஒதுக்கவே வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். திருவிழா, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, சனி ஞாயிறு, மே விடுமுறை இவற்றை விட்டுவிட்டு ஒரு செவ்வாய், புதனில் வந்தால் வயதானவர்களுக்கு இந்தக் கரையில் இதைவிடச் சுலபமான ஊர் கிடையாது. கோயிலிலிருந்து கடற்கரை நடக்கும் தூரம்தான். பக்கத்திலேயே மருந்துக்கடை, ஆட்டோ எல்லாம் உண்டு. நாகப்பட்டினம் சுமார் 12 கிலோமீட்டர்.

அறை எடுக்கும்போது தரைத்தளம் கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிஃப்டும் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் விளக்கும் விசிறியும் மட்டும்தான் ஓடும். விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி கேட்கும், தூக்கம் முக்கியமென்றால் கோயிலை ஒட்டி அறை எடுக்காதீர்கள்.

மீன் விஷயத்தில் ஏமாறாதீர்கள். கடற்கரைப் பாதையில் சிவப்பாக மசாலா தடவி அடுக்கிய துண்டு எத்தனை நாள் மீன் என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த நிறம் பழுப்பையும் மறைக்கும். மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்லி, செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கிறதா, கண் உள்ளே குழியாமல் இருக்கிறதா, அழுத்தினால் சதை திரும்ப எழும்புகிறதா என்று பார்த்து, முன்னாலேயே வெட்டிப் பொரிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம்தான் வரும், விலை ஏறும், ஐஸில் வைத்த வெளியூர் மீனும் கலக்கும். நல்ல மீனுக்காகவே வருபவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கலாம்.

குளிப்பதில் ஒரே ஒரு விதி: அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்கவே கூடாது. இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் சமதளமாக இருந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பப் போகிறது. ஆளையும் சேர்த்து இழுத்துப் போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். 6 வயதுப் பிள்ளைக்கு முழங்கால் ஆழம் போதும், அதுவும் கையைப் பிடித்தபடி.

குடந்தையான்:
மிக்க நன்றி. தேதியைப் பிப்ரவரிக்கு மாற்றிவிட்டோம். அம்மாவுக்குத் தீவைப் பார்க்கும் ஆசை போகவில்லை. பிப்ரவரியில் கொடியம்பாளையம் சரிவருமா? படகில் அம்மாவை ஏற்ற முடியுமா?

திட்டு_தெற்கு:
பிப்ரவரி அருமையான மாதம். மழை விட்டிருக்கும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. ஆனால் அங்கே இரவு தங்குவதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது மீனவர் ஊர், விடுதி ஊர் இல்லை. தெரிந்த வீடு இருந்து, ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கினால் மட்டும் தங்கலாம். இல்லையென்றால் சிதம்பரத்தில் அறை எடுத்துப் பகலில் போய்வருவதே மேல். ஊர் மயிலாடுதுறை மாவட்டம்தான் என்றாலும் சாலை கடலூர் மாவட்டம் சிதம்பரம் பக்கமாகத்தான் வருகிறது. அதனால் அம்மாவுக்குப் படகே தேவையில்லை, காரிலேயே போகலாம். பழையாறு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகில் போவது பிள்ளைகளின் ஆசைக்கு.

படகுதான் என்றால் ஓதத்தை, அதாவது கடல் தண்ணீர் ஏறி வற்றுவதைப் பார்த்து நேரம் குறியுங்கள். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். இருந்தாலும் உப்பங்கழியில் அந்த அளவே படகைச் சேற்றில் உட்கார வைத்துவிடும். தண்ணீர் ஏறி நிற்கும்போது படகின் விளிம்பு கரை மட்டத்துக்கு வரும், முழங்கால் மடக்க முடியாதவரும் ஒரு பலகை போட்டால் ஏறிவிடலாம். வற்றத்தில் சேற்றில் இறங்கி, கால் தூக்கி ஏறவேண்டும், அங்கேதான் வயதானவர்கள் விழுவார்கள். தண்ணீர் ஏற ஏறக்குறைய 6 மணி நேரமும் இறங்க 6 மணி நேரமும் ஆகும், நாளுக்கு நாள் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாளே படகுக்காரரிடம் "நாளை தண்ணி எப்போ நிறையும்" என்று கேட்டு, திரும்பும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போவதை மட்டும் பார்த்து, வரும்போது மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். உயிர்காக்கும் சட்டை பிள்ளைகள் அளவில் பெரும்பாலும் இருக்காது, கையோடு கொண்டுபோங்கள்.

நிலத்தடி நீர் உப்பு. குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் கணக்கில், 6 பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் ஒன்று. தங்குவதானால் இரண்டு. கமோடு இருக்கும் என்று நம்பாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் மடக்கு கமோடு நாற்காலி ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் அந்த நாள் நன்றாகப் போவதும் போகாததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கழியோரச் சேற்றில் சிப்பி ஓடு பிளேடு மாதிரி கிடக்கும், வார்வைத்த செருப்பு வேண்டும். பொழுது சாய்ந்தால் கொசு, முழுக்கைச் சட்டை போடுங்கள்.

முகத்துவாரத்தில் யாரும் குளிக்கக் கூடாது. மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், சென்ற மாதம் இடுப்பளவு இருந்த இடம் இந்த மாதம் ஆளை முழுக்கும். வற்றம் தொடங்கியதும் கழித் தண்ணீர் முழுவதும் அந்த வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகும். வேளாங்கண்ணியில் கூச்சல் போட்டால் பத்துப் பேர் வருவார்கள், இங்கே கரையில் ஆள் இருக்க மாட்டார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட இரவில் ஏறும். ஒருவேளை தங்க நேர்ந்தால் கடற்கரையில் டார்ச், செல்போன் வெளிச்சம் அடிக்காதீர்கள், ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். காயும் வலையை மிதிக்காதீர்கள், படகில் செருப்போடு ஏறாதீர்கள். ஏலம் நடக்கும்போது நடுவில் புகுந்து சில்லறையாக மீன் கேட்காமல், முடிந்த பிறகு எடுத்தவரிடம் கேட்டால் கூறு போட்டுத் தருவார்கள். ஐஸ் பெட்டி கொண்டுபோனால் அன்று மாலை கும்பகோணத்தில் குழம்பு வைக்கலாம்.