பொருள்: வளாகப் போட்டியை அறிவிக்கும் முன்

எல்லோருக்கும் வணக்கம்.

சிட்னி மாமா போட்ட மடலையும் வந்த பதில்களையும் ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ஊருணிக்கு மேற்கே சங்கம் வாங்கிப் போட்ட நாலு ஏக்கரில் நூலகம், பிள்ளைகள் படிக்கக் கூடம், தையல் பயிற்சி, பெரியவர்கள் பகலில் வந்து உட்கார ஓரிடம், எல்லாம் சேர்த்து ஒரு வளாகம்; அதற்குப் பொதுப் போட்டி வைத்து வடிவமைப்பு வாங்கலாம் என்கிற யோசனைக்கு எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பொங்கலுக்கு அறிவித்து சித்திரையில் பரிசு கொடுத்துவிடலாம் என்கிறீர்களே, அதுதான் எனக்குச் சரிப்படவில்லை.

போட்டியில் நாம் எதைக் கேட்கிறோமோ அதுதான் கிடைக்கும். பீகாரில் நாளந்தா பல்கலைக்கழகத்துக்குப் போட்டி வைத்துத்தான் 2013இல் கட்டடக் கலைஞர் தோஷியின் வாஸ்து சில்பா நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 455 ஏக்கர், அதில் 100 ஏக்கர் அளவுக்கு நீர்நிலைகள். அந்தப் பக்கத்து விவசாயிகள் காலங்காலமாக வைத்திருக்கும் ஆஹர், பைன் என்ற ஏரி-வாய்க்கால் முறையையே வளாகத்துக்குள் கொண்டுவந்தார்கள். நம் கண்மாயும் வரத்துக்காலும் போலத்தான். திறப்பு விழா 2024இல்தான் நடந்தது என்பதையும் அவசரப்படுகிறவர்கள் கவனிக்கவும்.

மாமா ஊர்க் கதை மாமாவுக்கே தெரியும். சிட்னி ஆப்பரா ஹவுஸ் அரங்கத்துக்குப் போட்டி வைத்து, 1957இல் 233 படங்களிலிருந்து கட்டடக் கலைஞர் உட்ஸோன் வரைந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே 1959இல் வேலையை ஆரம்பித்தாயிற்று. 70 லட்சம் டாலர் என்று போட்ட கணக்கு 10 கோடியைத் தாண்டியது, மனுஷன் 1966இல் பாதியில் விலகிப் போனார். சிட்னி தாங்கியது, நாம் தாங்குவோமா?

நம் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வடகிழக்கு மூலையில் குறுக்கே போகிறது. கோடையில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேல் மண்டிய வெறும் பள்ளம், அவ்வளவுதான். கூகுள் மேப்பில் அதுகூடத் தெரியாது. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வரைகிறவர் அந்த மூலையில் அழகாக ஒரு அரங்கம் போடுவார், நாமும் படத்தைப் பார்த்து மயங்கி லைக் போடுவோம், அடுத்த ஐப்பசியில் ஊருணி காய்ந்து கிடக்கும், அரங்கத்தில் தண்ணீர் நிற்கும். அதனால் மேடு பள்ளம் காட்டும் மட்ட சர்வே, மண் பரிசோதனை, எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படத்தின் நகல் மூன்றும் கையில் இல்லாமல் அறிவிப்பே வேண்டாம்.

‘பசுமை வளாகம்’ என்று மட்டும் எழுதிவிட்டாலும் ஆபத்துதான். கண்ணாடிச் சுவர் வைத்து, உள்ளே ஏசி போட்டு, மேலே சோலார் தகடு பரப்பி அதையும் பசுமை என்பார்கள். ஏசி இல்லாமல் மே மாத மத்தியானம் உள்ளே உட்கார முடிய வேண்டும், பழுது பார்க்க நம்மூர்க் கொத்தனாரே போதும், மாதக் கரண்ட் பில் இத்தனைக்குள் அடங்க வேண்டும் என்று பச்சையாக எழுதிவிடலாம். செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் சுவர் எழுப்பினால் செங்கல் கால் பங்கு மிச்சம். மண்ணோடு 5 சதவீதம் அளவுக்கு மட்டும் சிமெண்டு கலந்து அழுத்திய கற்களில் ஆரோவில்லில் எத்தனையோ கட்டடம் நிற்கிறது. ஆனால் இதைத்தான் போட வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது, அது வரைகிறவர் பாடு.

இரண்டு கட்டமாக வைப்போம். முதலில் இரண்டே தாள், பெயர் போடாமல் எண் மட்டும். அதில் ஐந்து பேரைப் பொறுக்கி, செலவுக்குப் பணம் கொடுத்து, ஊரில் தங்கிப் பார்த்துவிட்டு விரிவாக வரையச் சொல்லலாம். கட்டடக்கலை கவுன்சில் விதிப்படி நடுவர்களில் பாதிக்கு மேல் கட்டடக் கலைஞர்கள் இருக்க வேண்டும். மிச்ச இடத்தில் நாம் யாரும் வேண்டாம் என்பது என் கட்சி. தையல் குழுவில் ஒருவரும் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரும் இருக்கட்டும், அங்கே தினமும் போய்வரப் போவது அவர்கள்தானே. வாட்ஸப் ஓட்டெடுப்பு வேண்டவே வேண்டாம்.

பண விஷயம் ஒன்று. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டைக்காரர் ஆகிவிட்டவர்கள் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும், சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் வாங்க முடியாது. பொருளாளர் அண்ணன் ஆடிட்டரிடம் பேசிவிட்டு எழுதினால் நல்லது.

அப்புறம், ஐப்பசி மழையில் ஊரில் இருக்கப் போகிறவர்கள் யார் யார்? நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் நிலத்தில் எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது என்று போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், சர்வேக்காரரிடம் கொடுக்கலாம்.