மேல்மாடி அறையின் வெக்கையைக் குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு, ஜெலுத்தோங்கில் எங்களுடையது இரண்டு மாடி வரிசை வீடு. மேற்குப் பார்த்த மேல்மாடி அறையில்தான் அம்மா படுக்கிறார். கீழே படுக்கையறை கிடையாது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெரும்பாடு. ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் இங்கே ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். வெயில் முழுவதும் கூரையில் இறங்குகிறது. இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. மின்விசிறி அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. குளிர்சாதனக் காற்று அம்மாவுக்கு ஒத்துக்கொள்வதில்லை, இருமல் வந்துவிடும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலரைத் தயவுசெய்து யாரும் பரிந்துரைக்க வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். அது பிசுபிசுப்பைத்தான் கூட்டும்.

ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் விரிப்பதா, உட்கூரையின் மேல் ராக்வூல் (வெப்பத்தைத் தடுக்கும் கல்லிழைப் பஞ்சு) பரப்புவதா? தாளை ஒட்டிக் காற்று இடைவெளி இல்லாவிட்டால் பயனில்லை என்பது தெரியும். பழைய வீட்டில் ஓட்டைப் பிரிக்காமல் அதைச் செய்ய முடியுமா? கூரையில் சுழலும் காற்றுப்போக்கி வைத்தவர்கள் இருக்கிறீர்களா? அடைமழைக்கு ஒழுகுகிறதா?

சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டப்போகிறேன். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் அவ்வளவு பலன் இல்லை.

செய்து பார்த்தவர்கள் எத்தனை ரிங்கிட் ஆனது என்பதையும் சொல்லுங்கள். தீவில் கூரை வேலையை நாணயமாகச் செய்பவர் தெரிந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அடுத்த பிப்ரவரிக்குள் முடித்துவிட வேண்டும்.