சார்ஜென்ட்டின் நீர்வண்ண ஓவியங்களில் வெள்ளை எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டை (1856–1925) பாரிஸ், லண்டன் சீமாட்டிகளின் உருவப்படங்கள் வழியாகவே அறிந்திருந்தேன். இப்போது அவருடைய நீர்வண்ண ஓவியங்களைப் பார்க்கும்போது இரண்டு ஐயங்கள் எழுகின்றன. புகழின் உச்சியில் இருக்கும்போதே உருவப்படத் தொழிலை அவர் ஏன் கைவிட்டார்? வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை வெறுமையாக விட வேண்டும் என்றே எங்களுக்குக் கற்பித்தார்கள். அவரும் அப்படித்தான் செய்தாரா?

பதில் 1:
முதல் ஐயத்திற்கு மட்டும் சொல்கிறேன். 1884இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த ‘மேடம் எக்ஸ்’ படத்தில் ஆடையின் தோள்பட்டி ஒன்று சரிந்திருந்ததே பெரும் வசைக்கு இடமாயிற்று. பின்னர் அந்தப் பட்டியைத் தோளின்மேல் ஏற்றித் திருத்தி வரைந்தார். 1886இல் லண்டனில் குடியேறி, செல்வர்கள் தேடிவரும் ஓவியரானார். ஆனால் வருபவரையும் அவர் வீட்டாரையும் நிறைவு செய்தாக வேண்டிய அந்த வேலை அவருக்குச் சலித்துவிட்டது. 1907 முதல் சில விலக்குகள் தவிரத் தைலவண்ண உருவப்படங்களை ஏற்காமல், கேட்டவர்களுக்குக் கரிக்கோல் படங்களை வரைந்து கொடுத்தார். நீர்வண்ணமோ, தாமே அதில் வரைந்துவந்த தாயிடமிருந்து இளமையிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம்.

பதில் 2:
வெள்ளையைப் பொறுத்தவரை அவர் எந்த விதிக்கும் கட்டுப்பட்டவரல்லர். புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ‘வெள்ளைக் கப்பல்கள்’ ஓவியத்தில் பென்சில் கோடுகளின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணமும், ஊடுருவாத வண்ணமும், மெழுகும் சேர்ந்தே இருக்கின்றன. மெழுகு தேய்த்த இடத்தில் நீர் ஒட்டாது. அதனால் மேலே ஓடிய தூரிகையின் வண்ணம் அங்கங்கே விலகி, வெளிச்சம் சிதறியது போன்ற தோற்றம் உண்டாகிறது. 1917இல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்பெல்லரின் உருவப்படத்திற்காகப் புளோரிடா போனவர், சேற்றில் கிடந்த முதலைகளைத் தீட்டியபோது (அவற்றுக்கு வீட்டார் இல்லை!) மெழுகோடு, வண்ணத்தைச் சுரண்டித் தாளின் வெள்ளையை வெளிக்காட்டும் உத்தியையும் கையாண்டார். ஆகவே தங்களுக்குக் கற்பித்தது தவறன்று. அது அவருடைய வழிகளில் ஒன்று மட்டுமே.

பதில் 3:
இந்த நீர்வண்ண ஓவியங்களை ஓய்வுநேரப் படங்கள் என்று சிலர் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. வெனிஸ் படங்கள் பலவற்றில் கட்டடங்களின் உச்சி தாளுக்குள் அடங்காமல் வெட்டுண்டிருப்பதற்கு, கொண்டோலாப் படகில் அமர்ந்து, நீர்மட்டத்திலிருந்து பார்த்தபடியே அவர் தீட்டியதுதான் காரணம். அது திட்டமிட்ட பார்வை. 1909இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தபோதும் ஒன்றிரண்டாக விற்க இசையாமல் மொத்தத் தொகுதியாகவே கொடுக்க விரும்பினார்; புரூக்ளின் அருங்காட்சியகம் 83 ஓவியங்களை வாங்கிக்கொண்டது.