கோட்லா அரண்மனை இடிபாடுகளில் உங்களுக்கு நேர்ந்தது: அனுபவப் பகிர்வு

மயூர் விஹார் வாசகி:

தில்லியில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டிய அரண்மனையின் இடிபாடுகளான ஃபிரோஸ் ஷா கோட்லாவில், வியாழக்கிழமைகளில் மக்கள் கூடி, கண்ணுக்குத் தெரியாத ஆவிகளான ஜின்களிடம் வேண்டுதல்களை எழுதி வைப்பது தில்லித் தமிழர்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அசோகர் தூண் நிற்கும் அடுக்குக் கட்டடத்தின் அடியில், விளக்குப் புகையேறிக் கறுத்த அறை ஒன்றில், ஜின்களுக்கு எழுதி வைத்திருந்த மனுக்களுக்கு நடுவே தமிழில் எழுதிய தாள் ஒன்றைக் கண்டேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவைப் போலவே முறையாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். பெறுநர் இடத்தில் "உயர்திரு ஜின் ஐயா அவர்கள், கோட்லா, புது தில்லி" என்றும், பொருள் என்ற இடத்தில் "மகன் வீடு திரும்ப வேண்டி" என்றும் இருந்தன. மூலையில் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றும் சேர்ந்து நகலாகியிருந்தது. ஜெராக்ஸில் முகம் முழுக்கக் கறுத்துப்போய், மூக்குக் கண்ணாடியின் சட்டம் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே படிக்க மனம் வராமல் வெளியே வந்துவிட்டேன். எழுதியவர் யார் என்பதைவிட, தமிழில் எழுதினாலும் அங்கே படிக்கப்படும் என்ற நம்பிக்கை அவருக்கு எப்படி வந்தது என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

முனிர்க்கா ஆய்வு மாணவன்:

அந்த நம்பிக்கை சுல்தான் காலத்திலிருந்து வருவதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது சரியல்ல. மக்கள் இங்கே பெருந்திரளாக வரத் தொடங்கியதற்கான தடயங்கள், நெருக்கடி நிலை முடிவுக்கு வந்த 1977-ஐ ஒட்டித்தான் கிடைக்கின்றன. ஒரே மனுவைப் பல நகல்கள் எடுத்து அறைக்கு ஒன்றாக வைப்பதும், முழு முகவரியும் படமும் சேர்ப்பதும், அரசு அலுவலகங்களில் மேசை மேசையாக அலைந்து பழகியவர்கள் உண்டாக்கிய நடைமுறை.

என் அனுபவம் தூணைப் பற்றியது. ஊரில் ஒரு பயிலரங்கில், அசோகர் கால பிராமிக்கு நெருங்கிய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளைக் கற்றிருந்தேன். கீழே நின்று நண்பரின் கேமராவில் தூணின் மேற்பரப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேவானம்பியே பியதசி என்று அசோகரின் பட்டப்பெயர் கூடி வந்தது. ஹரியானாவின் தோப்ராவிலிருந்து இந்தத் தூணைக் கொண்டுவந்து தன் அரண்மனையில் நிறுத்திய ஃபிரோஸ் ஷா, அதைப் படிக்கச் சொல்லிப் பண்டிதர்களை அழைத்தார். ஒருவராலும் முடியவில்லை. ஃபிரோஸ் என்றொரு சுல்தான் பிறந்து வரும் வரையில் இத்தூணை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருப்பதாகச் சிலர் சொல்லிச் சமாளித்தார்கள் என்று அந்தச் சுல்தானின் வரலாற்றை எழுதிய ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் எழுதுகிறார். பேரரசர் ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே வைத்திருந்தும் படிக்க முடியாமல் போன வரிகளை, 1837-இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் வாசித்த பிறகு, பேருந்து பிடித்து வந்த ஒரு மாணவன் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது.

கரோல் பாக் பெரியவர்:

அத்தூணில் நம் சோழ பாண்டியர் பெயரும் இருக்கிறதே, தம்பி அதை விட்டுவிட்டார். சுல்தானைச் சமாளிக்கப்பட்டவராக மட்டும் காட்டுவதும் நியாயமில்லை. ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் கல்லை, அடியில் இலவம்பஞ்சை மெத்தையாகப் பரப்பிச் சாய்த்து, நாணலாலும் பதப்படுத்தாத தோலாலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, சக்கரத்துக்கு 200 ஆட்களாக வடம் பிடித்து யமுனைக் கரைக்கு இழுத்து, அங்கிருந்து படகுகளில் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்போது தமக்குப் பன்னிரண்டு வயது என்று அதே அஃபீஃப் சொல்கிறார். திருவாரூரில் வடம் பிடித்தவர்களுக்கு அந்தப் பாரம் விளங்கும்.

நான் பார்த்ததையும் சொல்கிறேன். 1999 பிப்ரவரியில் பக்கத்து மைதானத்தில் கும்ப்ளே பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்திய ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் கிடைக்காத நான் கோட்லாவுக்குள் இருக்கும் இடிந்த மசூதியின் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் மதிலைத் தாண்டி இரைச்சல் வந்து விழுந்தது. எதிரே தொழுதுகொண்டிருந்த முதியவர் ஒருவர், கடைசி விக்கெட்டின்போது எழுந்த முழக்கத்துக்குக்கூடத் தலையைத் திருப்பவில்லை. தொழுகை முடிந்து எழுந்து, என் அருகில் வந்து, "பத்தும் அவருக்கேவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

முனிர்க்கா ஆய்வு மாணவன்:

ஐயா, அந்த முதியவரைப் பற்றி எழுதியது அருமை. சோழ பாண்டியர் செய்தி மட்டும் பிழை. அப்பெயர்கள் வருவது அசோகரின் பெரும்பாறைக் கல்வெட்டுகளில், இரண்டாவதிலும் பதின்மூன்றாவதிலும். இங்கே இருப்பவை தூண் சாசனங்கள் ஏழு. ஏழாவது சாசனம் வேறெந்தத் தூணிலும் இல்லாமல் இதில் மட்டுமே இருக்கிறது என்பதே இதன் பெருமை. நாம் வேறு பெருமையை ஏற்றத் தேவையில்லை. தில்லியில் அசோகர் காலத்துப் பாறையையே பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீநிவாஸ்புரிக்கு அருகில் 1966-இல் கண்டறியப்பட்ட சிறுபாறைக் கல்வெட்டு இருக்கிறது. அதிலும் சோழர் இல்லை.

லட்சுமி நகர்:

வடம் பிடித்த கணக்கு எழுதியவர், அஃபீஃபின் அடுத்த பக்கங்களையும் படித்திருக்கலாம். வீட்டில் வெளிப்படையாக உருவ வழிபாடு நடத்திய பிராமணர் ஒருவர் இதே அரண்மனை வாயிலில் எரிக்கப்பட்டதையும், சுல்தானிடம் 1,80,000 அடிமைகள் இருந்ததையும் அவரேதான் எழுதியிருக்கிறார். கால்வாய் வெட்டியவர், கட்டடம் கட்டியவர் என்று புகழும்போது இவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் போனது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. கிழக்கு மதிலோரம் நின்று, புத்தகங்களில் படித்தபடி கீழே யமுனை ஓடும் என்று எட்டிப் பார்த்தேன். லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நதி கிழக்கே ஒதுங்கிப் போய், நடுவில் ரிங் ரோடு வந்துவிட்டது. 1759-இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரை, பக்கீர் ஒருவர் தங்கியிருக்கிறார், தரிசிக்கலாம் என்று ஆசை காட்டி இங்கே அழைத்து வந்து, அவருடைய வஜீர் (தலைமை அமைச்சர்) இமாதுல் முல்க்கின் ஆட்கள் குத்திக் கொன்று, உடலை ஆற்றங்கரைப் பக்கம் வீசினார்கள். பெரிய மகானைப் பார்க்கப் போகிறோம் என்று அந்த மனிதர் இந்த வளாகத்துக்குள் நடந்து வந்திருப்பார் அல்லவா? அந்த எண்ணம் வந்தவுடன் மதிலில் ஊன்றியிருந்த கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே வருவோரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் வேண்டுதலோடு வருவதைப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரித்தான் இருக்கிறது.

ஜெயங்கொண்டத்தான் (இப்போது துவாரகா):

தூண், மசூதி, ஜின் என்று எல்லாம் பேசியாயிற்று. அரண்மனை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. என் மகள் கேட்டாள். காவலர் சிரித்துக்கொண்டே வடக்குப் பக்கம் கையை நீட்டி, "சாந்தினி சௌக் போய்ப் பார்" என்றார். அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. 1354-இல் தொடங்கிய ஃபிரோஸாபாத் நகரத்தின் கற்கள், ஷாஜஹான் தம் புதிய நகரத்தைக் கட்டியபோது வண்டி வண்டியாக அங்கே போய்விட்டன. பிரபுக்களுக்கு ஒன்று, அணுக்கப் பணியாளருக்கு ஒன்று, பொதுமக்கள் முறையிடுவதற்கு ஒன்று என மூன்று கொலு மண்டபங்கள் இங்கே இருந்தன. இன்று எது எங்கே இருந்தது என்று சாதாரணப் பார்வையாளரால் சொல்ல முடியாது. சுல்தான் தம் ஆட்சியின் சாதனைகளைப் பொறித்து வைத்த மசூதியின் எண்கோணக் குவிமாடமும் இல்லை. 1398-இல் தில்லி மீது படையெடுத்த தைமூர் வந்து தொழுத இடத்தில் அண்ணாந்தால் ஆகாயந்தான் தெரிகிறது.

எங்கள் பக்கத்து ஊர்க் கங்கைகொண்ட சோழபுரத்திலும் இதே கதைதான். கோயில் நிற்கிறது, ராஜேந்திரனின் மாளிகை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. கோயில் மதிலின் கற்களையும் 1836-இல் கொள்ளிடத்துக் கீழணைக்குக் கொண்டுபோனார்கள். கோட்லாவில் உதிர்ந்த காரைக்கு அடியில் தெரிந்த கரடுமுரடான கற்களை என் மகள் தடவிப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?" என்றாள். செதுக்கிய கல்லுக்குத்தான் விலை உண்டு, சுண்ணாம்பில் புதைத்த சல்லிக்கல்லை எவன் சுமப்பான் என்று சொன்னேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

சரோஜினி நகர் மாமி:

எனக்கு நேர்ந்தது சிறியது. தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்தபடி அறைக்குள் நுழைந்தேன். முன்பின் அறியாத ஓர் அம்மாள் தன் துப்பட்டாவின் ஒரு முனையை எடுத்து என் தலையில் போட்டு, ஒன்றும் பேசாமல் என் பக்கத்திலேயே நின்று, நான் வெளியே வரும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். பெண்கள் தலையை மூடிக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லாவிட்டாலும் அங்கே இருப்பவர்களுக்கு மரியாதை. மெட்ரோவில் தில்லி கேட் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடும் தூரம்தான். வழியில் குண்டும் குழியுமாக ஒரு பழைய வாயிலைக் காட்டி அதுதான் கோட்லா என்று ஆட்டோக்காரர் இறக்கிவிடப் பார்ப்பார். அது 1857-இல் ஆங்கிலேயப் படை அதிகாரி ஹாட்சன் முகலாய இளவரசர்களைச் சுட்டுக் கொன்ற கூனி தர்வாசா, இறங்காதீர்கள். கோட்லா வளாகத்தில் உள்ள வட்டக் கிணற்றுக்குள் இறங்க அனுமதி இல்லை, காவலரிடம் கெஞ்ச வேண்டாம். அறைகளுக்குள் வெளவால் உண்டு, வெளிச்சம் இல்லை, தரை பாலும் எண்ணெயுமாக வழுக்கும். ஆகவே ரப்பர் செருப்பு ஆகாது. தூணின் எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உச்சி வெயிலில் போய்ப் பயனில்லை. நான்கு மணிக்குப் பிறகு வெயில் சாயும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து துலங்கும். மனுக்களைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள், அதில் முகவரி இருக்கிறது. வைக்க நினைப்பவர்கள் நகலை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், வியாழக்கிழமை அங்கே ஜெராக்ஸ் கடையைத் தேடி அலைய முடியாது.