பாத்ரூம் டார்க்ரூமுக்கு ஜீரோ வாட் சிவப்பு பல்பு போதுமா?

வெள்ளிஉப்பு:
வாடகை வீட்டுப் பாத்ரூமை டார்க்ரூமாக (இருட்டறையாக) மாற்றி ஃபிலிம் நெகட்டிவிலிருந்து போட்டோ பிரிண்ட் போடுவது எப்படி என்று ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கமோடு மேல் பலகை, அதில் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர், தரையில் கெமிக்கலுக்கு மூன்று ட்ரே, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, அதுவரை சரி. அப்புறம் "சேஃப்லைட் எல்லாம் தண்டச் செலவு, சாமி படத்துக்குப் போடுகிற ஜீரோ வாட் சிவப்பு பல்பே போதும்" என்கிறார். சேஃப்லைட் என்பது போட்டோ பேப்பரைக் கறுக்கவிடாத டார்க்ரூம் விளக்கு. அவர் பேச்சை நம்பி எத்தனை பேர் ஒரு பெட்டி மல்டிகிரேடு பேப்பரை (ஃபில்டர் மாற்றிக் கான்ட்ராஸ்டை, அதாவது கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் பேப்பர்) பாழாக்கப் போகிறார்களோ! அந்தப் பல்பு சும்மா கண்ணாடி மேல் சாயம் பூசியது. ஹோல்டர் பக்கம் பாருங்கள், சாயம் உரிந்து வெள்ளை வெளிச்சம் கசியும்.

பழையஸ்டுடியோ:
தம்பி, எங்கள் ஸ்டுடியோவில் அப்பா காலத்திலிருந்து அதே சிவப்பு பல்புதான். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம் எல்லாம் அதன் அடியில்தான் கழுவினோம். ஒரு பிரிண்ட் ஃபாக் ஆனதில்லை, கசிந்த வெளிச்சத்தில் மங்கியதில்லை. வீடியோக்காரர் சொன்னது சரி.

வெள்ளிஉப்பு:
என்ன பேப்பர் என்று சொல்லுங்கள் ஐயா.

பழையஸ்டுடியோ:
ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' பேப்பர். கான்ட்ராஸ்ட் நம்பர் பார்த்து வாங்குவோம். அதற்கென்ன?

வெள்ளிஉப்பு:
அதற்குத்தான் எல்லாம். நம்பர் பார்த்து வாங்கிய கிரேடு பேப்பருக்கு நீல வெளிச்சம்தான் பகை, சிவப்பு பல்பில் கொஞ்சம் கசிந்தாலும் தாங்கும். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் மல்டிகிரேடு. அது பச்சை வெளிச்சத்துக்கும் கறுக்கும். மஞ்சள் ஃபில்டரில் கான்ட்ராஸ்ட் இறங்குவதும் மெஜந்தாவில் ஏறுவதும் அதனால்தானே? உங்கள் அனுபவம் பெரியது, ஆனால் அது வேறு பேப்பரின் அனுபவம்.

மாடிவீடு:
நான் சோதித்தே பார்த்துவிட்டேன். பேப்பர் மேல் இரண்டு ரூபாய்க் காசு, பல்புக்கு அடியில் 5 நிமிடம், பிறகு படத்தை வரவைக்கும் டெவலப்பர் கெமிக்கலில் போட்டேன். காசின் தடமே விழவில்லை. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் உங்களுக்கு?

வெள்ளிஉப்பு:
அந்தச் சோதனையே அரைகுறை. வெளிச்சமே படாத பேப்பர் ஓரளவு கசிவைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாகவே இருக்கும். என்லார்ஜர் வெளிச்சம் பட்ட பேப்பர் தாங்காது, அதன்மேல் விழும் ஒவ்வொரு துளியும் கணக்கில் சேரும். முதலில் பேப்பருக்கு என்லார்ஜரில் லேசான சாம்பல் நிறம் வரும் அளவுக்கு வெளிச்சம் கொடுங்கள், அப்புறம் காசை வையுங்கள். கசிவு இருந்தால் காசு இருந்த இடம் மட்டும் வெளிறி வட்டமாகத் தெரியும். வெள்ளைச் சட்டை, மேகம், முகத்தில் பளிச்சென்ற இடம் எல்லாம் மங்கிப் போவது இப்படித்தான், நீங்களோ டெவலப்பர் பழசு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, பெயர்தான் ஜீரோ, பழைய குண்டு பல்பு 15 வாட் வரை இழுக்கும். 15 வாட் சேஃப்லைட்டையே 4 அடி தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் பாத்ரூமில் 4 அடி எங்கே இருக்கிறது?

மாடிவீடு:
காசு தடம் விழவில்லை என்றால் விழவில்லை. கதை வேண்டாம்.

ஐஸ்பெட்டி:
பல்பை விடுங்கள். சென்னையில் மே மாதக் குழாய்த் தண்ணீரில் டெவலப்பர் 20 டிகிரியில் நிற்குமா? ட்ரேயைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வைக்காமல் பிரிண்ட் போடுகிறவர்கள் எல்லாம் பல்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பழையஸ்டுடியோ:
ஐஸாவது ஒன்றாவது! சூடு ஏறினால் சீக்கிரம் எடுத்துவிடுவோம். கண் சொல்லும்.

வெள்ளிஉப்பு:
சிவப்பு வெளிச்சத்தில் கண் சொல்வதை நம்பித்தான் பாதிப் பேர் பிரிண்ட்டை முன்னதாகவே உருவிவிடுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். முழு நேரமும் விட வேண்டும்.

இங்க்மணி:
இவ்வளவு பாடு எதற்கு? நெகட்டிவை ஸ்கேன் பண்ணி இங்க்ஜெட்டில் போட்டால் அரை மணியில் முடிந்தது.

வெள்ளிஉப்பு:
டார்க்ரூம் பேச்சு எங்கே வந்தாலும் இதையே சொல்கிறீர்கள். வெறும் வெள்ளைத் தாள் டெவலப்பரில் கிடந்து, முதலில் கூந்தல், பிறகு கண் என்று மேலே எழுந்து வருவதை ஒரு தடவையாவது கிட்ட நின்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

மாடிவீடு:
பெரிய பேச்சு. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் கெமிக்கலைச் சிங்க்கில் கொட்டலாமா என்று கேட்டபோது என்னைக் கூட்டத்தில் அவமானப்படுத்தியவர் இவர்தான். மறக்கவில்லை.

வெள்ளிஉப்பு:
அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கிறது, சாக்கடையில் விடக் கூடாது. பேச்சைத் திருப்பாதீர்கள். பல்பை சி.டி.யின் பளபளப்புப் பக்கத்தில் பிரதிபலிக்கவிட்டுப் பாருங்கள். சிவப்போடு பச்சையோ நீலமோ பிரிந்து தெரிந்தால் அந்தப் பல்பு பேப்பருக்கு எமன். எல்.இ.டி. என்றாலும் இதே கதைதான், வெள்ளை எல்.இ.டி.க்குச் சிவப்பு மூடி போட்டு விற்கிறார்கள்.

பழையஸ்டுடியோ:
இந்த வீட்டில் சி.டி. ஏது? வந்து என் ஆல்பங்களைப் பார், வெள்ளைச் சேலை வெள்ளையாகவே இருக்கிறது. பிறகு எமனைப் பற்றிப் பேசு.

வெள்ளிஉப்பு:
அந்த ஆல்பம் மல்டிகிரேடு இல்லை ஐயா, எத்தனை தடவைதான் சொல்வது. பல்பின் ஹோல்டர் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். மாடிவீடும்தான்.

மாடிவீடு:
போட மாட்டேன். காசு தடம் விழவில்லை.