உள்ளே அளந்தால் 510, மேஸ்திரி கணக்கில் 796. எது சரி?

வடமதுரைவாசி:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் 2 சென்ட் இடத்தில் (871 சதுர அடி) தரைத்தளம் மட்டும் ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறேன். பொருளோடு சேர்த்து சதுர அடிக்கு 2,300 என்று மேஸ்திரியிடம் பேச்சு. இப்போது கடைசி தவணைக்குத் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்: வீடு 625.25, போர்டிகோ 80, ஹெட் ரூம் (மாடியில் படிக்கட்டுக்கு மேல் உள்ள அறை) 91.2, ஆக 796.45 சதுர அடி. நேற்று நானும் என் மனைவியும் டேப் பிடித்து ஹால், இரண்டு ரூம், சமையலறை, பாத்ரூம் என்று ஒவ்வொன்றாக அளந்து கூட்டினால் 510 தான் வருகிறது. பிளானில் 20க்கு 30 என்று இருக்கிறது, அதுவும் 600 தானே. நகையை அடகு வைத்துத்தான் இந்தத் தவணையைக் கட்ட வேண்டும். மேஸ்திரி எங்கள் ஊர்க்காரர், வேலை சுத்தம், அவரோடு மனக்கசப்பு வேண்டாம் என்று பார்க்கிறேன். எதை வைத்துப் பேசுவது?

சைட் இன்ஜினியர்:
சார், முதலில் அந்த 510ஐ விட்டுவிடுங்கள். நீங்கள் அளந்ததில் தப்பில்லை, ஆனால் அது நடமாடும் தரை மட்டும். கட்டுமானத்துக்கு சதுர அடி என்று பேசினால் வெளிச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளப்பதுதான் வழக்கம், ஏனென்றால் செங்கலும் சிமெண்டும் சுவரில்தான் போகிறது. சுற்றிலும் 9 இன்ச் சுவர் என்றால் 20 அடியில் ஒன்றரை அடி சுவருக்கே போய்விடும், 30 அடியிலும் அப்படித்தான். மீதி 18.5க்கு 28.5, அதாவது 527. உள்ளே நாலரை இன்ச் சுவர் மொத்தம் 46 அடி நீளம் ஓடினால் அது ஒரு 17. கழித்தால் உங்கள் 510 வந்துவிடும்.

கார்பெட் ஏரியா என்று யாராவது சொல்லிக் குழப்புவார்கள். அது ஃபிளாட் வாங்குகிறவருக்கு 2016 ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வைத்த அளவு. வெளிச்சுவர் சேராது, உள் தடுப்புச் சுவர் சேரும். அந்தக் கணக்கில் உங்கள் வீடு 527. உங்கள் ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. 600 நியாயமான அளவு. 625 தான் எனக்கு இடிக்கிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்:
தம்பி, 625.25 என்பது 20 அடி 6 இன்ச் பெருக்கல் 30 அடி 6 இன்ச். அவர் டேப்பை பேஸ்மென்ட்டில், அதாவது சுவருக்குக் கீழே வீட்டைத் தாங்கி நிற்கும் மேடையில், வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே சுவரை விட ஒவ்வொரு பக்கமும் 3 இன்ச் வெளியே தள்ளி நிற்கும், அந்த விளிம்பைச் சேர்க்கக் கூடாது, பேஸ்மென்ட்டுக்கு மேலே தரை மட்டத்தில் சுவரை அளக்க வேண்டும். ஐ.எஸ். 3861 என்ற இந்தியத் தரக் குறியீடும் இதைத்தான் சொல்கிறது. அதன்படி தூண் வைத்த போர்டிகோ சேரும், தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டி விட்டது சேராது. மாடியில் படிக்கட்டை மூடும் ஹெட் ரூம் சேரும். சன்ஷேடு, லாஃப்ட் சேராது. பூச்சுக்கு முன்னால் அளந்தாரா பின்னால் அளந்தாரா என்றும் கேளுங்கள். வெளிப்பூச்சு முக்கால் இன்ச் என்று வைத்தாலே உங்கள் வீட்டுக்கு 6 சதுர அடி ஏறும், பணத்தில் பதினாலாயிரம் சொச்சம்.

அளக்கும்போது மூலைக்கு மூலையும் டேப் பிடியுங்கள். 20க்கு 30 சரியான மூலைமட்டத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் 36 அடி முக்கால் இன்ச்சுக்குள் வர வேண்டும்.

டைல்ஸ்கடை:
அண்ணா, அந்த 91.2ஐயும் பாருங்க. ஹெட் ரூம் ஏழரைக்குப் பன்னிரண்டா? மேஸ்திரிகள் 7 அடி 6 இன்ச்சை நோட்டில் 7.6 என்று எழுதுவார்கள், அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டினால் 91.2. 6 இன்ச் என்பது அரை அடி, 7.5 என்று போட்டால் 90 தான். எங்கள் கடையில் தினம் நாலு பேர் இந்தத் தப்போடு டைல்ஸ் கேட்டு வருகிறார்கள்.

வடமதுரைவாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை மேஸ்திரியை வரச் சொல்லி இரண்டு பேருமாக அளந்தோம். சுவரில் பிடித்தால் பூச்சுக்கு முன்பு போட்ட மார்க்கிங்கோடு சரியாக 20க்கு 30. டேப்பை கீழே இறக்கினால் பேஸ்மென்ட்டில் அதே 20 அடி 6 இன்ச். அவரே குனிந்து பார்த்துவிட்டு, "பையனை அளக்கச் சொன்னேன், அவன் கீழே பிடிச்சிட்டான்" என்றார். ஹெட் ரூமும் ஏழரை அடிதான். போர்டிகோவில் இரண்டு தூண் இருக்கிறது, அதனால் அந்த 80ஐ நான் பேசவில்லை. 770 என்று புதுச் சீட்டு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம், 60,835 ரூபாய் குறைந்தது. மனைவியின் வளையல் இரண்டை அடகுக்கு எடுக்காமல் பீரோவிலேயே வைத்துவிட்டேன்.