ஈ ஃபிளாட்டா, பி ஃபிளாட்டா? ட்யூபா வாசித்தவர்களின் அனுபவங்கள்

நாகர்கோவில் பேஸ்:
கிறிஸ்துமஸ் ஆராதனையில் சபையின் இரண்டு பேஸ்களையும் மாற்றி மாற்றி வாசித்தேன். பேஸ் என்று நாங்கள் சொல்வது ட்யூபாவை, அடிச்சுரம் தரும் பெரிய பித்தளை ஊதுகருவியை. ஒன்றின் அடிப்படைச் சுருதி ஈ ஃபிளாட், மற்றதற்கு அதைவிடக் கீழான பி ஃபிளாட். மவுத்பீஸ் ஒன்றுதான். பழைய ஈ ஃபிளாட்டில் நாக்கு தட்டியதுமே சுரம் வந்து நிற்கிறது. புது பி ஃபிளாட்டில் ஒரு கணம் பொறுத்துத்தான் வருகிறது. 13 அடிக் குழாய்க்கும் 18 அடிக் குழாய்க்கும் உள்ள வித்தியாசம் போலும். என் காதுக்கு நாதமும் மங்கல். ஆனால் கீர்த்தனையின் கடைசிச் சுரத்தை அதில் கீழே பிடித்தபோது, பக்கத்தில் நின்று யூஃபோனியம் (ட்யூபாவின் சிறிய உறவு) வாசித்தவர் வாசிப்பதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த அப்பா, "இன்றைக்குத்தான் பேஸ் காதில் விழுந்தது" என்றார். எனக்குச் சுகமானது ஒன்று, கேட்டவருக்கு நிறைவானது வேறொன்று. மனம் இன்னும் ஆறவில்லை.

பரேடு மைதானம்:
தம்பி, குழாய் நீளத்தின் மேல் பழி போடாதீர்கள். போலீஸ் பேண்டில் நான் வாசித்த பி ஃபிளாட், பேண்டை நடத்துபவரின் கைத்தடி இறங்கும்போதே பேசும். ஒரு குடியரசு தின ஒத்திகையில் வேறொன்றைக் கொடுத்தார்கள். பக்கமேளம் முன்னே போக நான் பின்னே ஓடினேன். காரணம் காற்றுக் கசிவு. நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (கழற்றி இழுக்கக்கூடிய குழாய்த் துண்டை) வெளியே இழுங்கள், பிறகு அழுத்துங்கள். 'டப்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காற்று எங்கோ போகிறது. இது மேலும் கீழும் நகரும் பிஸ்டன் வால்வுக்குத்தான், சுழலும் ரோட்டரி வால்வில் வேண்டாம். எச்சில் வடிக்கும் சாவியின் தக்கையையும் பாருங்கள். இரண்டு கருவிகளையும் நன்றாக ஊதிச் சூடாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். குளிர்ந்த கருவியில் சுருதி இறங்கித்தான் நிற்கும். வால்வு எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது.

லண்டன் பேண்டுக்காரன்:
கசிவே இல்லாத கருவியிலும் இந்தத் தாமதத்தை உணர்ந்திருக்கிறேன், ஐயா. இங்கே பிராஸ் பேண்டில் ஈ ஃபிளாட் இரண்டு, பி ஃபிளாட் இரண்டு. எங்கள் ஈ ஃபிளாட்டில் பிளெய்க்லி என்ற ஆங்கிலேயர் 1874இல் வகுத்த, சுருதிப் பிழையை ஈடுசெய்யும் முறை: நான்காவது வால்வை அழுத்தினால் காற்று மற்ற வால்வுகளுக்குள் மறுபடியும் போய் வருகிறது. சுருதி சரியாகிறது, அடிச்சுரங்களில் மூச்சு முட்டுகிறது.

எனக்கு மறக்காதது வேறு. ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1954இல் எழுதிய ட்யூபா கான்செர்டோவின் (ட்யூபாவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இரண்டாம் பகுதியை, நண்பரின் ஜெர்மன் ரோட்டரி எஃப் ட்யூபாவில் (ஈ ஃபிளாட்டைவிடச் சற்று மேல் சுருதி) வாசித்துப் பார்த்தேன். மேல்சுரங்கள் சிரமமின்றித் தானாகவே திறந்தன. அந்த இழுத்துப் பாடும் மெட்டு அவ்வளவு ஒல்லியாக, தெளிவாக என் கையிலிருந்து வந்ததே இல்லை. அதே கருவியில் கீழே 'சி' சுரத்துக்கு இறங்கியதும் சுரம் உதட்டிலேயே நின்றுவிட்டது. நண்பர் சிரித்தபடி, "அந்த இடத்தில் எஃப் எப்போதும் அப்படித்தான்" என்றார். ஆகவே பி ஃபிளாட்டின் தாமதம் அதன் உடல்வாகு, அண்ணா. அரை மூச்சு முன்னதாகத் தொடங்குங்கள்.

நாகர்கோவில் பேஸ்:
ஸ்லைடை இழுத்துப் பார்த்துவிட்டேன், ஐயா. எல்லா வால்விலும் 'டப்' என்றது.